மேடு ஏறும்போது மட்டும் திணறிய டர்போ வண்டி

ஸ்கேனரை மாட்டியதும் திரையில் வந்தது பி0171 என்ற பழுதுக் கோடு (code). முதல் பேங்கில், அதாவது முதல் சிலிண்டர் வரிசையில், கலவை லீன், காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று பொருள். இதே கோடுக்காக இரண்டு இடங்களில் வேலை பார்த்துவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்த வண்டி அது. 1.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ. முதல் இடத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள், அடுத்த இடத்தில் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரை. ஒவ்வொரு முறையும் கோடை அழித்ததும் செக் என்ஜின் விளக்கு அணைந்திருக்கிறது. சில நாளில் மறுபடி எரிந்திருக்கிறது.

"தம்பி, வண்டி நின்னுக்கிட்டு ஐடிலிங்ல இருக்கறப்ப ஒரு குறையும் இல்ல. சமதரையிலயும் நல்லாத்தான் ஓடுது. மேடு ஏறுறப்பதான் மூச்சு வாங்குது" என்றார் வண்டிக்காரர்.

இதற்கு முன் இவரிடம் யாராவது இதைக் கேட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் அந்த இரண்டு சென்சார்களும் வீணாகியிருக்காது. லீன் கோடு வந்த டர்போ வண்டியில் ஓட்டை எங்கே என்று தேடும் முன், எந்த நேரத்தில் லீன் ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தைத்தான் லாம்டா 1 என்கிறோம். எத்தனால் கலந்தால் இது இறங்கும், 10 சதவீதக் கலப்பில் ஏறக்குறைய 14.1. அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் தேவை. காற்று அளவுக்கு மேல் இருந்தாலோ எரிபொருள் குறைந்தாலோ எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து என்ஜினின் கணினியான ஈசியூவிடம் சொல்லும், ஈசியூ பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சற்று கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டும். அந்த ஈட்டின் அளவுதான் ஃப்யூல் ட்ரிம். நொடிக்கு நொடி ஆடுவது ஷார்ட் டெர்ம், அதன் சராசரியைக் கற்றுக்கொண்டு மெல்ல நகர்வது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பூச்சியத்தை ஒட்டி, 5 சதவீதம் இப்படி அப்படி இருந்தால் கவலையில்லை. 10ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. 20, 25 என்று போனால் ஈசியூ கையை விரித்து விளக்கைப் போடும்.

கோடு என்பது ஈசியூ கையை விரித்த செய்தி மட்டும்தான். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதே இல்லை. ஆக்ஸிஜன் சென்சார் இங்கே புகார் கொடுத்தவர். புகார் கொடுத்தவரையே முதலில் பிடித்து மாற்றுவது எத்தனை பட்டறைகளில் நடக்கிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சென்சாரைச் சந்தேகப்பட்டால் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். சூடான என்ஜினில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்தால், பழைய வகை சென்சார் 0.8, 0.9 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஓட்டத்தில் காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், அப்போது பூச்சியத்தை ஒட்டி விழ வேண்டும். இரண்டு பக்கமும் தயங்காமல் போய் வந்தால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

இனி டர்போவின் சிக்கலுக்கு வருகிறேன். டர்போ இல்லாத என்ஜினில் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் எங்கே ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் வரும். டர்போ என்ஜினிலோ ஒரே குழாய் வரிசையில் ஒரு பகுதி எப்போதும் உறிஞ்சும், ஒரு பகுதி டர்போ வேலை செய்யும்போது ஊதும், மூன்றாவது பகுதி நேரத்துக்கு நேரம் மாறும்.

ஏர் ஃபில்டரை அடுத்து ஏர் ஃப்ளோ சென்சார். அதிலிருந்து டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் வாய் வரைக்கும் உள்ள குழாயில் எப்போதும் உறிஞ்சல்தான். இங்கே ஓட்டை இருந்தால் சென்சார் எண்ணாத காற்று உள்ளே நுழையும், கலவை லீன் ஆகும். கம்ப்ரஸரைத் தாண்டி, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக, ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்பத் திறக்கும் த்ராட்டில் வரைக்கும், பூஸ்ட் நேரத்தில், அதாவது டர்போ காற்றை ஊதும்போது, அழுத்தம். இங்கே ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தால் சென்சார் எண்ணிய காற்று வெளியே ஓடிவிடும். எண்ணிய காற்றுக்கெல்லாம் ஈசியூ பெட்ரோல் ஊற்றும், ஆனால் காற்று சிலிண்டருக்கு வந்து சேராது. கலவையில் பெட்ரோல் மிஞ்சி ரிச் ஆகும். லீன் கோடு வந்த வண்டிக்கு இன்டர்கூலர் ஹோஸ் மாற்றுகிறவர்கள் இந்த ஒன்றை யோசித்தால் நேர் எதிர்த் திசையில் போவது புரியும். ஐடிலில் இந்தப் பகுதி ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே இருக்கும் என்பதால் அங்கே கிழிந்த ஹோஸ்கூடச் சத்தமில்லாமல் கிடக்கும்.

த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுதான் இரண்டு முகம் காட்டுவது. ஐடிலில் உள்ளே 30 முதல் 40 கிலோபாஸ்கல், வெளியே 100. காற்று உள்ளே பாயும், லீன். பூஸ்ட் ஏறியதும் உள்ளே 150, 180. அதே ஓட்டை வழியே காற்று வெளியே பாயும், ரிச். ஐடிலில் பாசிட்டிவ் ட்ரிம் (பெட்ரோலைக் கூட்டுவது), ஹைவே பூஸ்டில் நெகட்டிவ் ட்ரிம் (குறைப்பது) என்று ஒரே வண்டி இரண்டையும் காட்டினால் சென்சார் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மேனிஃபோல்ட் கேஸ்கட்டையும் அதோடு சேர்ந்த சின்ன ஹோஸ்களையும் பாருங்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஐடிலில் ஒரு சின்ன என்ஜின் நொடிக்கு 2 கிராம் காற்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேனிஃபோல்ட் ஓட்டை வழியே 0.4 கிராம் கூடுதலாக வருகிறது. 20 சதவீதப் பிழை. ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் என்ஜின் 9, 10 கிராம் இழுக்கும். ஓட்டை வழியே வருவது அப்போதும் அதே 0.4தான். உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கியதுமே ஓட்டையின் வாயில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக வராது. அதனால் பிழை 4 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஐடிலில் ட்ரிம் உச்சியில் நின்று, ஆர்பிஎம் ஏற ஏற இறங்கினால் மேனிஃபோல்ட் பக்கம் ஏர் பிடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எதிர்மாறாக, ஐடிலில் நல்லபடி இருந்து, லோடு, அதாவது என்ஜின் மேல் விழும் சுமை, ஏற ஏற ட்ரிம் ஏறினால் மூன்று பேர் மேல் சந்தேகம் விழும்: பெட்ரோல் போதவில்லை, அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் குறைத்து எண்ணுகிறது, அல்லது அந்த சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே காற்று புகுகிறது. மேட்டில் மூச்சு வாங்கிய நம் வண்டி இந்த வகை. இந்த வகைதான் அபாயமானதும்கூட. ஐடிலில் லீன் ஆனால் என்ஜின் நடுங்கும், அவ்வளவுதான். பூஸ்டில் லீன் ஆனால் கலவை தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும். ஈசியூ ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றப் பார்க்கும், அதனால்தான் இழுவை குறைகிறது. அதையும் மீறினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். இப்படி உடைந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அந்த விளக்கோடு "பரவாயில்லை, ஓட்டலாம்" என்று ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

வண்டிக்காரரோடு, அவர் சொன்ன மேட்டுக்கே போனோம். ஓட்டியது அவர், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். ஐடிலில் மொத்த ட்ரிம் +3. சமதரையில் +5. ஏற்றம் தொடங்கி பூஸ்ட் நிற்க ஆரம்பித்ததும் +12, +16, +19.

முதலில் பெட்ரோலைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி லோடில் லீன் ஆன ஒரு வண்டிக்கு, அளந்து பார்க்காமலே டேங்க் பம்பை மாற்றினேன். குறை வேறெங்கோ இருந்தது. அன்றிலிருந்து அளக்காமல் எதையும் கழற்றுவதில்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இரண்டு பம்ப். டேங்குக்குள் இருப்பது சில பார் அழுத்தத்தில் முன்னே தள்ளும். கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஹைபிரஷர் பம்ப் அதை நூறு, இருநூறு பார் என்று ஏற்றி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலுக்குக் கொடுக்கும். ஈசியூ கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் கிடைப்பதையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 140 பார் கேட்டபோது 138, 139 வந்துகொண்டிருந்தது. அடைத்த ஃபில்டரோ களைத்த பம்போ இருந்திருந்தால் மேட்டில் அந்த இரண்டு அளவுகளும் பிரிந்திருக்கும். பிரியவில்லை. ஒரு இன்ஜெக்டர் மட்டும் அடைத்திருக்குமா? நாலில் ஒன்று 20 சதவீதம் குறைவாகப் பீய்ச்சினால் சராசரியில் 5 சதவீதம்தான் தெரியும், அந்த ஒரு சிலிண்டர் தனியாக முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுக்கும். 19க்கு அது போதாது.

அடுத்தது காற்றுக் கணக்கு. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காகிதமும் பென்சிலும் போதும். அந்த மேட்டில் 3000 ஆர்பிஎம்மில் மேனிஃபோல்ட் அழுத்தம் 150 கிலோபாஸ்கல், உள்ளே போகும் காற்றின் சூடு 40 டிகிரி. 1.4 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும், ஆக நொடிக்கு 35 லிட்டர். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் 1 லிட்டர் காற்றின் எடை 1.67 கிராம். பெருக்கினால் 58 கிராம். சிலிண்டர் நூற்றுக்கு நூறு நிரம்பாது, 90 சதவீதம் என்று வைத்தால் நொடிக்கு 52, 53 கிராம் போயாக வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சார் காட்டியது 44.

52.5ஐ 44ஆல் வகுத்தால் 1.19. ட்ரிம் +19.

90 சதவீதம் என்பது என் அனுமானம்தான், ஒவ்வொரு என்ஜினுக்கும் அது மாறும். ஆனாலும் இரண்டு கணக்கும் இப்படி ஒன்றையொன்று தொடும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. பெட்ரோல் சரியாக இருக்கிறது, பூஸ்ட் சரியாக இருக்கிறது, நொடிக்கு எட்டொன்பது கிராம் காற்று சென்சாரின் கண்ணில் படாமல் என்ஜினுக்குள் போகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் புதுசு, மாட்டியிருந்த விதமும் ஒழுங்கு. இக்னிஷனை மட்டும் போட்டு, என்ஜினை ஓட்டாமல் மேனிஃபோல்ட் சென்சாரையும் பூஸ்ட் சென்சாரையும் பார்த்தேன். இரண்டும் வெளிக்காற்றின் அழுத்தத்தையே, ஓரிரு கிலோபாஸ்கல் வித்தியாசத்தில் காட்டின. ஆக 150 என்பதும் பொய்யில்லை. மிச்சம் இருப்பது சென்சாருக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே உள்ள ஒரு முழ நீளக் குழாய் மட்டும்.

ஓட்டையைப் புகையால் காட்டிக்கொடுக்கும் ஸ்மோக் மெஷினைப் போட்டேன். ஃபில்டர் பக்கம் அடைத்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விட்டுக் காத்திருந்தேன். ஒரு நூல் புகைகூட வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டு, "குழாய் நல்லா இருக்கு" என்று எழுதிவிடுவார்கள். ஓடாத என்ஜினில், அசையாத குழாயில் செய்த சோதனை இது. குறையோ மேட்டில், என்ஜின் முழு பலத்தோடு முறுக்கும்போது வருவது. ஓட்டையைத் தேடக் கார்ப் க்ளீனரை மேலே அடித்துப் பார்ப்பார்கள் சிலர், நான் செய்வதில்லை. சிவக்கச் சிவக்கச் சூடாகும் டர்போவுக்குப் பக்கத்தில் எரியக்கூடிய எதையும் பீய்ச்சக் கூடாது. வண்டியைப் பிரேக்கில் பிடித்துக்கொண்டு டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து தள்ளி நின்று பார்த்தேன். என்ஜின் முன்னும் பின்னும் இரண்டு விரற்கடைக்கு ஆடியது. அவ்வளவு ஆடக் கூடாது. கீழே, என்ஜினை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் மவுண்டின் ரப்பர் பிளந்து, உலோகம் மட்டும் மிச்சமிருந்தது.

என்ஜினை நிறுத்தி, ஸ்மோக் மெஷினை மறுபடி போட்டுவிட்டு, மரக்கட்டையால் என்ஜினைப் பின்பக்கமாக நெம்பினேன். குழாயின் அடிப்பக்கத்திலிருந்து புகை நாடா மாதிரி வந்தது. கட்டையை விட்டேன், நின்றுவிட்டது. மறுபடி நெம்பினேன், மறுபடி வந்தது. வண்டிக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே, "இதுக்கா தம்பி இவ்வளவு நாளு?" என்றார்.

குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பரில், மூன்றாவது மடிப்பின் பள்ளத்துக்குள் வெடிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டு கட்டைவிரலாலும் மடிப்பை விரித்தால் மட்டும் வாய் திறந்தது, என் சுண்டுவிரல் நீளத்துக்கு. வெடிப்பின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று உரசி உரசி வழவழப்பாகியிருந்தன. குழாயின் உட்பக்கம் வெடிப்புக்கு முன்னால் சுத்தம். வெடிப்பிலிருந்து டர்போ வரைக்கும் சாம்பல் நிறத்தில் விசிறி மாதிரி தூசித் தடம். ஃபில்டரைத் தாண்டாத காற்று அந்த வழியாக எத்தனை காலம் போயிருக்கும் என்பதை அந்தத் தடமே சொல்லியது.

குழாயை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அது இன்னொரு முறை கிழிந்திருக்கும். மவுண்ட் ஆட ஆட, ஒவ்வொரு முறை காலை அழுத்தும்போதும் குழாயை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினோம்.

இந்த வண்டியில் இல்லாத, ஆனால் டர்போ பெட்ரோலில் நான் அதிகம் பார்க்கும் இன்னொன்று பிசிவி வால்வு. என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை ஐடிலில் மேனிஃபோல்ட் இழுக்கும். பூஸ்டில் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் இருப்பதால் அங்கே போக முடியாது, கம்ப்ரஸர் வாய்ப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதனால் இரண்டு வழி, நடுவே ஒரே திசையில் மட்டும் விடும் ஒருவழி வால்வு, பல வண்டிகளில் ஒரு மெல்லிய ரப்பர் டயஃப்ரமும் உண்டு. டயஃப்ரம் கிழிந்தால் ஐடிலில் மேனிஃபோல்ட் நேராக வெளிக்காற்றை உறிஞ்சும். ட்ரிம் எகிறும், பானெட்டுக்கு அடியிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கப் பாருங்கள். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல ஒட்டிக்கொண்டால், அல்லது டிப் ஸ்டிக்கைச் சற்றுத் தூக்கியதும் விசில் நின்றால், சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒருவழி வால்வு பழுதானால் கதை வேறு: பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கி ஆயில் சீல்களைத் தள்ளும். "சீல் ஒழுகுது" என்று வருகிற டர்போ வண்டியில் சீலைத் தொடும் முன் இதைப் பார்ப்பது என் வழக்கம்.

டேங்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றாலும் ஐடில் ட்ரிம் குழம்பும். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் அதை நினையுங்கள். ஹோஸை விரலால் அழுத்திப் பிடித்து ட்ரிம் இறங்குகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

எரிந்த புகை வெளியேறும் பக்கம் ஒரு பொய் லீன் இருக்கிறது. டர்போவுக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் நடுவே உள்ள இணைப்பில் கேஸ்கட் போனால், புகை அலை அலையாகப் போகும்போது இரண்டு அலைக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் அந்த ஆக்ஸிஜனை முகர்ந்து லீன் என்னும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், என்ஜின் உண்மையில் ரிச்சாக ஓடும். லீன் கோடு வந்த வண்டியில் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கிறதா? அப்படியானால் இன்டேக்கை விட்டுவிட்டு சைலன்ஸர் பக்கம் போங்கள். மிஸ்ஃபயரும் இதே ஏமாற்று வேலையைச் செய்யும், எரியாத சிலிண்டரின் ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வருவதால்.

ஏர் ஃப்ளோ சென்சாரே இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்து மட்டும் காற்றைக் கணக்கிடும் டர்போ வண்டிகளும் நிறைய உண்டு. மேலே சொன்ன கணக்கில் பாதி அங்கே செல்லாது. மேனிஃபோல்டில் ஏர் பிடித்தால் அழுத்தம் ஏறும், ஈசியூ அதைப் பார்த்துப் பெட்ரோலும் கொடுத்துவிடும், ஐடில் ஆர்பிஎம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் நிஜமாகவே லீன் கோடு வந்தால் நான் முதலில் போவது பெட்ரோல் அழுத்தத்துக்கு.

நம் வண்டியை மறுநாள் அதே மேட்டுக்குக் கொண்டுபோனோம். அதே 3000, அதே 150 கிலோபாஸ்கல். ஏர் ஃப்ளோ 52. ட்ரிம் +2ல் நின்றது. வண்டிக்காரர் திரையைப் பார்க்கவே இல்லை. காலை அழுத்தி, வண்டி இழுத்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

குழாயைக் கழற்றியிருந்தபோது கம்ப்ரஸர் சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். இறக்கைகளின் முன் விளிம்பு கொஞ்சம் மங்கி, தொட்டால் சொரசொரப்பாக இருந்தது. தூசி உரசிய அடையாளம். ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, இறக்கை எதுவும் நெளியவில்லை, அதனால் இப்போது மாற்ற வேண்டியதில்லை என்று அவரிடம் சொன்னேன். அடுத்த ஆயில் மாற்றும்போது குழாயைக் கழற்றி அந்த விளிம்பை மறுபடி பார்ப்பதாகப் பேச்சு. முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டுமே என்று அன்றே படம் எடுத்து வைத்திருக்கிறேன்.